நேர்மையாகச் சொல்பவருக்குத் தண்டம் போடும் விதியை மாற்றுங்கள்

அன்புள்ள மழைக் கணிப்புப் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவத்துக்கு நீங்கள் நடத்திய போட்டியின் முடிவு வாசகசாலைச் சுவரில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து டீக்கடைகளில் அரசியல் பேச்சு குறைந்து மழைப் பேச்சு கூடியிருக்கிறது. குலசேகரம் பக்கத்து ரப்பர் வெட்டுத் தொழிலாளியும் குளச்சல் கல்லூரி மாணவியும் ஒரே தாளில் எண் எழுதிப் போட்டியிட்டது இந்தக் குமரி மாவட்டத்தில் எப்போதோ நடந்திருக்க வேண்டிய காரியம். ‘பெய்யும்’, ‘பெய்யாது’ என்று இரண்டே கட்டம் வைக்காமல், எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று கேட்டீர்களே, அதற்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு மாலை போடலாம்.

மாலையைப் போட்ட கையோடு சண்டைக்கும் வருகிறேன். பரிசு பெற்றவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் விதியைப் படித்தார், அதன்படி ஆடினார், ஜெயித்தார். என் வழக்கு விதியோடு. வடகிழக்குப் பருவத்துக்கான தாள்கள் அச்சுக்குப் போவதற்கு முன் அதை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். போட்டியில் கலந்துகொண்ட எல்லோரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது தத்துவத்தில் ஒரு சின்ன மூலையைப் பிடித்துக்கொண்டு படித்துவருகிறேன். மனிதர் வைத்திருக்கும் நம்பிக்கையின் அளவு உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அளப்பது எப்படி என்பதே அந்த மூலை. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். உங்கள் போட்டி வந்த பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உங்கள் விதி இது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 100 வரை ஓர் எண். சொன்னது நடந்தால், 100க்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு தண்டப்புள்ளி. நடக்காவிட்டால், எழுதிய எண்ணே தண்டப்புள்ளி. மொத்தத் தண்டம் குறைந்தவருக்கு முதல் பரிசு. பார்வைக்கு இதைவிட நியாயமான விதி இருக்க முடியாது. எவ்வளவு தள்ளி நின்றாயோ அவ்வளவு தண்டம், அவ்வளவுதானே?

பாலமோரில் நாளை மழை பெய்யும் என்று ஒருவருக்கு 70 சதவீத நம்பிக்கை என்று வைத்துக்கொள்வோம். மனத்தில் உள்ளபடி 70 என்றே எழுதுகிறார். அவருடைய கணக்குப்படியே பத்துக்கு ஏழு வாய்ப்பில் 30 தண்டம், பத்துக்கு மூன்று வாய்ப்பில் 70 தண்டம். சராசரியாக 21 + 21, ஆக 42. அதே மனிதர், நம்பிக்கையில் ஒரு மாற்றமும் இல்லாமல், தாளில் மட்டும் 100 என்று எழுதினால்? ஏழு வாய்ப்பில் தண்டமே இல்லை. மூன்று வாய்ப்பில் 100. சராசரி 30. உள்ளதைச் சொன்னால் 42, ஊதிச் சொன்னால் 30. நம்பிக்கை வெறும் 51 ஆக இருந்தாலும் இதே கதைதான்: 51 என்று எழுதினால் சராசரித் தண்டம் 49.98, 100 என்று எழுதினால் 49. மயிரிழை வித்தியாசம் என்றாலும் லாபம் புளுகுக்கே.

சுவரில் ஒட்டியிருக்கும் முதல் மூன்று தாள்களை இன்னொரு முறை பாருங்கள். நூறும் சைபருமாகத்தான் இருக்கின்றன. நடுவில் ஓர் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். நூறு வரையிலான எண்களை எழுதச் சொல்லிவிட்டு, ‘பெய்யும்’, ‘பெய்யாது’ என்ற பழைய இரண்டு கட்டத்துக்கே ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது உங்கள் விதி.

மருந்து சின்னது. வித்தியாசத்தை அப்படியே கூட்டாதீர்கள்; வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 100ஐ 1 என்று வைத்துக்கொண்டால் 70 என்பது 0.7. அவர் 0.7 என்று எழுதினால் சராசரித் தண்டம் 0.7 × 0.09 + 0.3 × 0.49 = 0.21. 1 என்று ஊதினால் 0.30. அடக்கமாக 0.6 என்று குறைத்துச் சொன்னால் 0.22. கொஞ்சம் ஏற்றி 0.8 என்றாலும் 0.22. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தண்டம் கூடுகிறது. ஏன் என்று கேட்கும் மாணவர்களுக்கு: 1ஐ நோக்கி ஏற ஏற, மழை பெய்தால் மிச்சமாகும் தண்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, பெய்யாவிட்டால் சேரும் தண்டம் வீங்கிக்கொண்டே போகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும் இடம், அவரவர் நம்பிக்கை எங்கே நிற்கிறதோ அதே இடம்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க வானிலைத் துறையில் பணியாற்றிய கிளென் பிரையர் 1950இல் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையிலிருந்து வந்தது. மதிப்பெண் முறை சரியில்லை என்றால் வானிலையைக் கணிக்க வேண்டியவர் மதிப்பெண் முறையைக் கணிக்கத் தொடங்கிவிடுவார் என்பதுதான் அவருடைய கவலையும். முக்கால் நூற்றாண்டுக்கு முன் அலுவலகம் ஒன்றில் வந்த கவலை நம் ஊர் வாசகசாலைச் சுவரில் அப்படியே நிற்கிறது.

இனி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். உங்கள் ஐந்தாவது கேள்வி மூன்று கட்டமாக இருந்தது. பேச்சிப்பாறை மழைமானியில் நாளைய பதிவு 2.5 மி.மீ.க்குக் கீழேயா, 2.5 முதல் 64.4 வரையா, 64.5க்கு மேலேயா? எல்லைகளைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். 2.5 மி.மீ. பதிவானால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று எண்ணும், 64.5ஐத் தொட்டால் கனமழை. ஆனால் மூன்று எண்ணும் சேர்ந்து நூறு வர வேண்டும் என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை.

எது நடக்கும் என்று பிடிபடாத ஒருவர் 33, 33, 34 என்று எழுதுகிறார். முதல் கட்டம் நடந்தால் அவருடைய தண்டம் 67 + 33 + 34 = 134. மற்ற கட்டங்கள் நடந்தாலும் ஒன்றிரண்டு கூடும் குறையும், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிக்காரர் மூன்று கட்டத்திலும் சைபர் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எது நடந்தாலும் அவருக்கு 100. வாய்ப்பு, சராசரி என்ற பேச்சே இங்கே வேண்டாம். பெய்யாமல் போனாலும், பெய்தாலும், கொட்டித் தீர்த்தாலும், மூன்றிலும் சைபர்காரர் ஜெயிக்கிறார். அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று யோசித்தீர்களா? நாளை மழை குறைவாகவும் இருக்காது, நடுத்தரமாகவும் இருக்காது, அதிகமாகவும் இருக்காது என்கிறார். படைத்த நாள் முதல் எந்தக் காலையிலும் உண்மையாக முடியாத ஒரு வாக்குமூலம், ஒளிவுமறைவு இல்லாத ‘தெரியவில்லை’யை உங்கள் விதியில் தோற்கடிக்கிறது.

வர்க்கம் போட்டால் இது நிமிர்ந்துவிடும். சைபர்காரருக்கு 1, மூன்றாகப் பங்கிட்டவருக்குச் சுமார் 0.67.

வெறும் வித்தியாசம்தானே இயல்பான அளவு, வர்க்கத்தை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. தத்துவக்காரர்களிடமும் இது எழுந்திருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

‘நாளை மழை’ என்று முழுதாக நம்புகிறவரை மறுநாள் பிடித்துவிடலாம்: ஒன்று சரி, இல்லை தவறு. 70 சதவீதம் நம்புகிறவரைப் பிடிப்பது எப்படி? பெய்தால் ‘சொன்னேனே’ என்பார், பெய்யாவிட்டால் ‘முப்பது மிச்சம் வைத்தேனே’ என்பார். கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் ராம்சே 1926இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: அவர் எந்த விகிதத்தில் பந்தயம் கட்டத் தயார் என்று பாருங்கள், நம்பிக்கையின் அளவு தெரிந்துவிடும். 26 வயதில் இறந்துபோன மனிதர். அந்தக் கட்டுரை அச்சானதே அவர் இறந்த பிறகுதான். இத்தாலியில் புருனோ தெ ஃபினெட்டியும் தனியாக இதே தடத்தில் நடந்தார். ‘மழை’க்கு 70, ‘மழை இல்லை’க்கு 50 என்பது போல எண்களை ஒன்றுக்கொன்று முரணாக வைத்திருப்பவரிடம், எது நடந்தாலும் அவருக்கு நஷ்டம் வருகிற மாதிரி பந்தயங்களைக் கோத்துக் கட்டிவிட முடியும் என்று இவர்கள் வழியில் நிறுவினார்கள். ஆகவே நம்பிக்கையின் அளவுகள் நிகழ்தகவுக் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும்.

வாதம் அழகானது. எனக்கு ஒட்டவில்லை. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இல் தடை வந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்து லாட்டரிக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் பந்தயம் கட்டுபவரின் கையில் இருப்பது நம்பிக்கையா, கடனா, ஆசையா என்று யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் சேராமல் போகும் என் அக்காவுக்கு மழையைப் பற்றி நம்பிக்கையே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கிழக்கே கறுத்தால் துணியை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பணம் நடுவில் வந்து நின்றால் நம்பிக்கை கலங்கலாகத்தான் தெரியும்.

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1998இல் பணத்தை விலக்கிவிட்டு இதே இடத்துக்கு வந்தார். அதே பெயர் கொண்ட அயர்லாந்து நாவலாசிரியர் அல்லர், மிச்சிகன் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர். அவர் சொன்னது: நம்பிக்கையின் வேலை பணம் சம்பாதிப்பது அல்ல, உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது. நடந்ததற்கு 1, நடக்காததற்கு 0 என்று உண்மை தன் எண்களை வைத்திருக்கிறது. நம் எண்கள் அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே நம் பிழை. ‘மழை’ என்பதற்கு 0.7, ‘மழை இல்லை’ என்பதற்கு 0.5 என்று ஒரே ஆள் எழுதுகிறார் என்று பாருங்கள். கூட்டினால் 1.2, கணக்கு இடிக்கிறது. வர்க்க விதிப்படி, பெய்தால் பிழை 0.09 + 0.25 = 0.34. பெய்யாவிட்டால் 0.49 + 0.25 = 0.74. இரண்டிலும் பத்தில் ஒன்றைக் குறைத்து 0.6, 0.4 என்று எழுதியிருந்தால்? பெய்தால் 0.32, பெய்யாவிட்டால் 0.72. வானம் எந்தப் பக்கம் போனாலும் பிழை குறைவு. முரணான எண்கள் எல்லாவற்றுக்கும் இப்படி, எல்லா நிலையிலும் அதை முந்தும் ஒரு பக்கத்து வீடு உண்டு. முரண் இல்லாத எண்களுக்கு அப்படி ஒரு பக்கத்து வீடு கிடையாது. பந்தயமும் வேண்டாம், பணமும் வேண்டாம். உண்மைக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டால் போதும், நிகழ்தகவு விதி தானாக வந்து நிற்கிறது.

உங்கள் குழுவின் கேள்வி இங்கேதான் வருகிறது. 2002இல் பாட்ரிக் மேஹர் என்ற தத்துவக்காரர் இதைத்தான் கேட்டார்: பிழையை அளக்கும் கோலுக்கு ஜாய்ஸ் வைத்த நிபந்தனைகள் வெறும் வித்தியாசத்தை அளவுகோலாக ஏற்பதில்லை, அது ஒரு குற்றமும் செய்யாத, எளிய அளவுகோல் ஆயிற்றே? உண்மையில் மேலே சொன்ன 0.7, 0.5 கணக்கை வெறும் வித்தியாசத்தில் போட்டுப் பாருங்கள். முரணான எண்ணுக்கும் திருத்திய எண்ணுக்கும் பெய்தால் 0.8, பெய்யாவிட்டால் 1.2 என்று ஒரே தண்டம். முரணை அது கண்டுகொள்வதே இல்லை. 2009இல் ஜாய்ஸ் திரும்ப எழுதியபோது கொடுத்த பதிலின் சாரம் நம் ஐந்தாவது கேள்விதான். மூன்றில் ஒரு பங்கு என்று மூன்றுக்கும் சமமாக நம்புவது சில சூழலில் முழுக்க நியாயமான நிலை. அதை எந்தச் சான்றையும் பார்க்காமல் முன்கூட்டியே தோற்கடிக்கும் அளவுகோல், அளவுகோலாக இருக்கத் தகுதியற்றது. எனக்கு இது போதும் என்று படுகிறது. எல்லோருக்கும் போதவில்லை, சண்டை தொடர்கிறது. நடக்கட்டும், நம் போட்டி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வர்க்கம் மட்டும்தான் நேர்மைக்கு இடம் கொடுக்கும் விதியா என்றால் இல்லை, அப்படி விதிகள் எண்ணற்றவை. அவற்றில் புகழ் பெற்றது ஐ. ஜே. குட் 1952இல் முன்வைத்த மடக்கை விதி. இரண்டாம் உலகப் போரில் ஆலன் டூரிங்கோடு சேர்ந்து ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்தவர் அவர். அவருடைய விதியில், நடந்த காரியத்துக்கு நீங்கள் சைபர் எழுதியிருந்தால் தண்டம் முடிவிலி. அத்தோடு ஆட்டம் முடிந்தது, இனி எழுந்திருக்க வழியில்லை. பள்ளிப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் போட்டிக்கு இது கொஞ்சம் கொடூரம் என்பதால் நான் பிரையர் பக்கம். ஆனால் தாளின் அடியில் ஒரு வரி அச்சிடலாம்: சைபர் எழுதுமுன் யோசியுங்கள் என்று. 2004 டிசம்பர் 26க்கு முந்தைய நாள் இந்தக் கடற்கரையில் சுனாமி பற்றிக் கேட்டிருந்தால் எல்லோரும் சைபர்தான் எழுதியிருப்பார்கள். கடலைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் சைபர் எழுத இந்த மாவட்டத்தில் யாருக்கும் உரிமை இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு பழைய கதையும் உங்களுக்குப் பயன்படும். 1884இல் ஜான் ஃபின்லி என்ற அமெரிக்க ராணுவ வானிலையாளர் டொர்னாடோ எனப்படும் சூறாவளிச் சுழல்களை முன்னறிவித்துப் பார்த்தார். 2803 கணிப்புகளில் 2708 சரி, 96.6 சதவீதம். ஊரே மெச்சியிருக்கும். பிறகு ஒருவர் கணக்கைப் பிரித்துக் காட்டினார்: சுழல் வந்தது 51 முறைதான். ஒவ்வொரு முறையும் ‘வராது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும். ஆரல்வாய்மொழியில் மார்ச் மாதம் முழுக்க ‘மழை இல்லை’ என்று எழுதிவிட்டு வானிலை மேதை என்று மீசை முறுக்குகிறவர்கள் நம்மிடமும் உண்டு.

இதற்கு என் யோசனை: போட்டியில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மழைமானியில், அந்த மாதத்தில், கடந்த ஆண்டுகளில் பத்து நாளுக்கு எத்தனை நாள் மழை பதிவாகியிருக்கிறது என்று எடுத்து, அந்த எண்ணையே பொம்மை தினமும் எழுதட்டும். உதாரணத்துக்குப் பத்துக்கு மூன்று என்று வையுங்கள். பொம்மை தினமும் 0.3 எழுதும்; அந்த மாதமும் சராசரியாக அமைந்தால் அதன் தண்டம் நாளுக்கு 0.21. பொம்மை பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது 30 என்று சொன்ன நாட்களில் உண்மையாகவே முப்பது சதவீதம் மழைதான். ஆனாலும் அதனிடம் கேட்டு யாரும் நெல்லைக் காயப் போட முடியாது, எந்த நாள் எந்த நாள் என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. இன்னொருவர் 20 நாட்களில் 5 நாளுக்கு 0.8 எழுதி, அவற்றில் 4 நாள் பெய்தது. மீதி 15 நாளுக்கு 0.1 எழுதி, 2 நாள் மட்டும் பெய்தது. மொத்தம் அதே ஆறு மழை நாள்தான். இவருடைய தண்டம் நாளுக்குச் சுமார் 0.13. சொன்ன எண்ணுக்கு நாணயமாக நடப்பது ஒன்று. ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக் காட்டுவது இன்னொன்று. 1973இல் ஆலன் மர்ஃபி என்ற வானிலை ஆய்வாளர் பிரையரின் ஒற்றை எண்ணை இந்த இரண்டாகவும், அந்த இடத்தின் வானம் எவ்வளவு கணிக்க முடியாதது என்ற மூன்றாவது பகுதியாகவும் பிரித்துக் காட்டினார். முடிவுப் பலகையில் முதல் இரண்டையும் தனித்தனியாகப் போட்டால், தோற்றவருக்கும் எங்கே தோற்றோம் என்று புரியும்.

கேள்விகளை இன்னும் இறுக்கிக் கட்டுங்கள். ‘குமரி மாவட்டத்தில் நாளை மழை பெய்யுமா?’ என்ற உங்கள் முதல் கேள்வியைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டேன். பாலமோரிலும் பெருஞ்சாணியிலும் கொட்டிக்கொண்டிருக்கும்போது கன்னியாகுமரி முனையில் சுற்றுலாப் பயணிகள் வெயிலுக்குக் குடை பிடித்திருப்பார்கள். எந்த மழைமானி, எத்தனை மில்லிமீட்டர், காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையா என்பதெல்லாம் கேள்விக்குள்ளேயே வர வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் ‘ஓரிரு இடங்களில்’ என்பது அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால் பங்குக்கு மேற்படாமல் பதிவாகும் என்பதைக் குறிக்கிறது. அது பரப்பின் அளவு, நம்பிக்கையின் அளவு அல்ல. போட்டியாளர் பலர் அதைப் பார்த்து 25 என்று எழுதியிருக்கிறார்கள் என்று தாள்களைப் பார்த்தால் தெரிகிறது.

உங்கள் குழுவில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்ன மறுப்பு ஒன்று உண்டு. ‘ஊதிச் சொல்வது நல்லதுதானே, சார்? மழை வரும் என்று கூட்டிச் சொன்னால் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்களே?’ இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை நனைந்திருந்தால், வெட்டின் சால் வழியே இறங்க வேண்டிய பால் மரத்தின் மேலெல்லாம் வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் சிரட்டையில் சேர்ந்த பால் தண்ணீராகும். அன்று சீவிய பட்டையும் வீண், விழித்த தூக்கமும் வீண். மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டாத தோட்டத்தில், 40 என்றாலே ஒருவர் கத்தியைத் தொடாமல் திரும்பிப் படுத்துவிடுவார். மழைக்காப்பு கட்டிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் 70 என்றாலும் இறங்குவார். முட்டத்தில் ஃபைபர் படகை இறக்குகிறவருக்குப் பலத்த காற்று 10 சதவீதம் என்றாலே போதும், படகு கரையில் இருக்கும். அவர் இழப்பது ஒரு நாள் மீன், காப்பாற்றுவது உயிர். ஒரே வானம், ஒரே எண், மூன்று முடிவு. எது யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணிப்பவருக்குத் தெரியாது. அவரவருக்குத்தான் தெரியும். கணிப்பவர் நல்லெண்ணத்தில் பத்தை அறுபதாக்கினால், படகுக்காரருக்கு அதில் புது லாபம் எதுவும் இல்லை, வெட்டுக்காரரின் கூலி போகிறது. அடுத்த மாதம் கணிப்பவர் அறுபது என்று சொல்லும்போது கேட்டவர்கள் தங்கள் பங்குக்கு அதைப் பத்தாக்கிக்கொள்வார்கள். உண்மையாகவே அறுபது வரும் நாளில் அவரிடம் சொல்ல எண்ணே மிச்சமிருக்காது.

2017இல் ஒக்கி எப்படி வந்தது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நவம்பர் 29 அன்று இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாகத் தொடங்கியது, மறுநாள் முற்பகலிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. அவை அதற்கு முன்பே போயிருந்தன. இவ்வளவு வேகமாக உருவாகும் புயலுக்கு முந்தைய வாரத்தில் யாரும் பெரிய எண் சொல்லியிருக்க முடியாது. சின்ன எண்தான் சொல்லியிருக்க முடியும். சின்ன எண்ணைச் சின்ன எண்ணாகவே சொல்லவும், சின்ன எண்ணுக்கும் படகை நிறுத்தத் துணியவும் பழகிய ஊராக நாம் இருக்க வேண்டும் என்றால், எச்சரிப்பவரின் வேலையையும் கணிப்பவரின் வேலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் போட்டித் தாள் கணிப்புக்கானது. எச்சரிக்கை வேறு தாளில் வரட்டும்.

பரிசு விஷயமும் பாக்கி இருக்கிறது. விதியை வர்க்கமாக மாற்றிவிட்டு, முதலில் வந்த ஒருவருக்கு மட்டும் சைக்கிள் என்று அறிவித்தால், கதவை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான். நூறு பேரில் முதலாவதாக வர வேண்டும் என்றால் சராசரித் தண்டத்தைக் குறைப்பது உதவாது; கூட்டத்திலிருந்து விலகித் துணிந்து அடிக்க வேண்டும், பத்துப் பேர் அடித்தால் ஒருவருக்காவது பொருந்திவிடும். மீண்டும் நூறும் சைபரும். போட்டியில் பரிசு எப்படிப் பிரிகிறது என்பதே நேர்மையைக் கெடுக்கும் என்று இத்துறையில் எழுதியும் இருக்கிறார்கள். ஆகவே சைக்கிளைக் குலுக்கலில் விடுங்கள். தண்டம் குறையக் குறையக் குலுக்கலில் அதிகச் சீட்டு. ஆட்கள் நிறைய இருந்தால் இது ஏறக்குறைய நேர்மையைக் காப்பாற்றும். பொம்மையை முந்தியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள். அதிலும் ஓரளவு ஆட்டம் காட்ட முடியும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன், புத்தகத்துக்காக அவ்வளவு கணக்குப் போடும் ஆள் கிடைத்தால் அவருக்கு இரண்டாகவே கொடுக்கலாம்.

தாளுக்குத் தேவையான மாற்றம் இவ்வளவுதான். தண்டம்: எழுதிய எண்ணுக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். பல கட்டக் கேள்விகளில் எல்லாக் கட்டமும் சேர்ந்து 100. சேராத தாளைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மழைமானியின் பெயர், மில்லிமீட்டர், நேரம். 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக வர்க்க அட்டவணை ஒன்றைத் தாளின் பின்பக்கம் அச்சிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே தன் தண்டத்தைக் கூட்டிக்கொள்ளும். அட்டவணையைத் தயார் செய்து நூலகரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். பொம்மைக்கான பழைய மழைப் பதிவுகளை எடுத்துத் தொகுக்கவும் நான் தயார். இரண்டு மாணவர்களை மட்டும் உதவிக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்,
தக்கலை